கட்டளைசார் செய்நிரலாக்க மொழிகள்



க.பொ.த. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியல் பாடத்தில், செய்நிரலாக்க மொழிகளின் பாங்குகள் பற்றிய பகுதி அளவிற் சிறியது. "கட்டளைசார் மொழி என்பது ஒரு வேலையை எவ்வாறு செய்வது எனக் கூறும் மொழி" என்ற ஒரு வரியை மனனஞ் செய்துவிட்டு மாணவர் பலர் இப்பகுதியைக் கடந்து விடுகின்றனர். வரி சரியானதே. ஆனால் அதே வினாத்தாளில் ஒரு செய்நிரலைத் தந்து அதன் வெளியீட்டைக் கேட்கும்போது, இந்த வரிக்கும் அவ்வினாவுக்கும் உள்ள தொடர்பு அவர்களுக்குத் தெரிவதில்லை. புள்ளிகளை இழப்பது அங்கேதான். வரைவிலக்கணத்தையும் செய்நிரலையும் ஒன்றாக வைத்து விளங்கிக்கொள்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. ஏவல் என்பது யாது?

தமிழ் இலக்கணத்தில் ஏவல் வினையை நீங்கள் கற்றிருப்பீர்கள். நட, வா, எடு, திற என்பன ஏவல்கள். ஏவல் ஒரு செய்தியைக் கூறுவதில்லை; முன்னிலையில் இருப்பவரை ஒரு செயலைச் செய்யும்படி பணிக்கிறது. "கதவு திறந்திருக்கிறது" என்பது செய்தி. "கதவைத் திற" என்பது ஏவல். செய்தி உண்மையாகவோ பொய்யாகவோ இருக்கலாம். ஏவலை உண்மை, பொய் என்று கூற முடியாது. அது நிறைவேற்றப்படும் அல்லது நிறைவேற்றப்படாது.

கணினிக்கு இவ்வாறான ஏவல்களை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிக் கொடுக்கும் மொழிகளே கட்டளைசார் மொழிகள். போட்ரான், கோபோல், பேசிக், பாஸ்கல், சி ஆகியவை இவ்வகையின. நீங்கள் பயிலும் பைதன் மொழியும் பெரும்பாலும் இப்பாங்கிலேயே எழுதப்படுகிறது.

ஓர் உதாரணத்தை நோக்குவோம். கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட கிளிநொச்சி இரணைமடுக் குளத்தை நீங்கள் அறிவீர்கள். புனரமைப்பின் பின்னர் அதன் முழு நீர்மட்டம் 36 அடி. அதற்கு மேல் நீர் சேருமாயின் வான்கதவுகளைத் திறந்து நீரை வெளியேற்ற வேண்டும். இதனை இரு விதமாகக் கூறலாம்.

(அ) குளத்தின் நீர்மட்டம் எப்போதும் 36 அடிக்கு மேற்படலாகாது.

(ஆ) நீர்மட்டத்தை வாசி. அது 36 அடியை எட்டியதா எனப் பார். எட்டியிருப்பின் வான்கதவைத் திற. இல்லையெனில் மீண்டும் வாசி.

(அ) வேண்டிய விளைவைக் கூறுகிறது. அதை எவ்வாறு அடைவது என்று கூறவில்லை. (ஆ) செய்யவேண்டிய படிகளை ஒழுங்காகக் கூறுகிறது. (அ) பிரகடனப் பாங்கு. (ஆ) கட்டளைசார் பாங்கு.

(ஆ) வை நிறைவேற்றினால் (அ) தானாகவே நிறைவேறிவிடுமா? "ஆம்" என்று தோன்றலாம். இவ்வினாவுக்கு 5 ஆம் பகுதியில் திரும்பி வருவோம்.

2. கட்டளைசார் மொழிகள் ஏன் இவ்வாறு அமைந்தன?

இதற்கு விடை கணினியின் கட்டமைப்பில் உள்ளது. 1945 இல் ஜோன் வொன் நியூமன் எழுதிய அறிக்கை ஒன்றில், தரவும் செய்நிரலும் ஒரே நினைவகத்தில் வைக்கப்படும் கணினி விவரிக்கப்பட்டது. இன்றைய கணினிகளிற் பெரும்பாலானவை இக்கட்டமைப்பையே அடிப்படையாகக் கொண்டவை. மத்திய செயற்பாட்டு அலகு நினைவகத்திலிருந்து ஓர் அறிவுறுத்தலைக் கொணரும், அதனை விளங்கிக்கொள்ளும், நிறைவேற்றும், பின்னர் அடுத்த அறிவுறுத்தலைக் கொணரும். மின் இருக்கும்வரை இச்சக்கரம் தொடர்ந்து நடைபெறும்.

ஆகவே பொறிமொழியே ஓர் ஏவல் மொழிதான். "இந்தப் பெறுமானத்தை எடு", "இதனுடன் அதனைக் கூட்டு", "விடையை இந்த இடத்தில் வை", "விடை பூச்சியமாயின் அந்த அறிவுறுத்தலுக்குச் செல்" என்பனவே அதன் அறிவுறுத்தல்கள். உயர்மட்டக் கட்டளைசார் மொழிகள் இவற்றை மனிதருக்கு வசதியான வடிவில் தருகின்றன. பின்வரும் ஒப்பீட்டை நினைவில் வைத்திருங்கள்.

| உயர்மட்ட மொழியில் | கணினியில் |
|---|---|
| மாறி | நினைவகத்தில் ஓர் இடம் |
| பெறுமானம் இடும் கூற்று | அந்த இடத்தில் எழுதுதல் |
| கூற்றுகளின் ஒழுங்கு | அறிவுறுத்தல்கள் அடுத்தடுத்துக் கொணரப்படுதல் |
| தெரிவும் மீள்செயலும் | நிபந்தனையுடன் வேறோர் அறிவுறுத்தலுக்குச் செல்லுதல் |

3. நிலையும் பெறுமானம் இடுதலும்

செய்நிரல் இயங்கும்போது குறித்த ஒரு கணத்தில் அதன் மாறிகள் அனைத்தும் கொண்டுள்ள பெறுமானங்களின் தொகுப்பை அச்செய்நிரலின் நிலை என்போம். கட்டளைசார் மொழியில் ஒவ்வொரு கூற்றும் இந்த நிலையை மாற்றலாம். அடுத்த கூற்று மாறிய நிலையிலிருந்தே ஆரம்பிக்கும். இதுவே இப்பாங்கின் மையக் கருத்து.

பின்வரும் கூற்றை நோக்குக.

மட்டம் = மட்டம் + 2

கணித பாடத்தில் இது தீர்வில்லாத சமன்பாடு. எந்த எண்ணும் தன்னிலும் 2 கூடிய எண்ணுக்குச் சமனாகாது. பைதனிலோ இது முற்றிலும் சரியான கூற்று. ஏனெனில் இங்குள்ள "=" சமன் என்ற செய்தி அன்று; ஓர் ஏவல். "மட்டம் என்ற இடத்தில் இப்போதுள்ள பெறுமானத்தை எடு, 2 ஐக் கூட்டு, வந்த விடையை அதே இடத்தில் வை" என்பதே அதன் பொருள். முதலில் வலப்பக்கம் கணிக்கப்படும். பின்னரே இடப்பக்க மாறியில் எழுதப்படும். பழைய பெறுமானம் அழிந்துவிடும்.

இக்குழப்பத்தைத் தவிர்க்கவே பாஸ்கல் மொழியில் பெறுமானம் இடுவதற்கு ":=" என்ற குறியீடும் ஒப்பிடுவதற்கு "=" என்ற குறியீடும் பயன்படுகின்றன. பைதனில் இடுவதற்கு "=", ஒப்பிடுவதற்கு "==". இக்கட்டுரையின் போலிக் குறிமுறைகளில் இடுதலை "←" என்ற அம்புக்குறியாற் காட்டுவோம். அம்பு, பெறுமானம் செல்லும் திசையைக் காட்டுகிறது.

4. ஒழுங்கு மாறினால் பொருள் மாறும்

ஒரு கமக்காரர் அமைப்பின் கணினியில், காலபோகத்தில் விதைத்த ஏக்கர் அளவும் சிறுபோகத்தில் விதைத்த ஏக்கர் அளவும் இடம் மாறிப் பதியப்பட்டுவிட்டன எனக் கொள்வோம். காலபோகம் 45 எனவும் சிறுபோகம் 120 எனவும் உள்ளன. இவற்றை இடமாற்ற வேண்டும். மாணவர் பலர் முதலில் எழுதுவது இவ்வாறு:

காலபோகம் ← சிறுபோகம்
சிறுபோகம் ← காலபோகம்

முதற் கூற்றின் பின் காலபோகம் 120 ஆகிவிடும், 45 அழிந்துவிடும். இரண்டாம் கூற்று அந்த 120 ஐயே எடுத்துச் சிறுபோகத்தில் வைக்கும். ஈற்றில் இரண்டும் 120. சரியான முறை, அழியவிருக்கும் பெறுமானத்தை முன்னரே வேறோர் இடத்தில் வைப்பதாகும்.

தற்காலிகம் ← காலபோகம்
காலபோகம் ← சிறுபோகம்
சிறுபோகம் ← தற்காலிகம்

இம்மூன்று கூற்றுகளையும் வேறு ஒழுங்கில் எழுதிப் பாருங்கள். விடை பிழைக்கும். கூற்றுகள் அவையேதான், ஒழுங்கு மட்டுமே மாறியது. கட்டளைசார் மொழியில் ஒரு கூற்றின் விளைவு அதன் சொற்களில் மட்டுமன்றி, அது எப்போது நிறைவேறுகிறது என்பதிலும் தங்கியுள்ளது.

குறிப்பு: பைதனில் இரு மாறிகளையும் காற்புள்ளியிட்டு ஒரே கூற்றில் இடமாற்றலாம். அங்கும் வலப்பக்கப் பெறுமானங்கள் முழுவதும் எடுக்கப்பட்ட பின்னரே இடப்பக்கத்தில் எழுதப்படுகின்றன.

5. கட்டுப்பாட்டுக் கட்டமைப்புகள்

ஏவல்களின் ஒழுங்கை மூன்று கட்டமைப்புகள் தீர்மானிக்கின்றன.

தொடர்: கூற்றுகள் எழுதப்பட்ட ஒழுங்கில் நிறைவேறும்.
தெரிவு: நிபந்தனைக்கேற்ப ஒரு வழி தெரிவு செய்யப்படும்.
மீள்செயல்: நிபந்தனைக்கேற்பக் கூற்றுகள் திரும்பத் திரும்ப நிறைவேறும்.

இம்மூன்றையும் கொண்டு எந்த நெறிமுறையையும் எழுதலாம் என்பதை 1966 இல் பேம், யாகோபினி ஆகிய இருவர் காட்டினர். 1968 இல் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, செய்நிரலில் நினைத்த இடத்துக்குத் தாவும் "கோ டூ" கூற்றின் தீமையை விளக்கி எழுதினார். தாவல்கள் மிகுந்த செய்நிரலில், ஒரு கூற்றை அடையும்போது நிலை என்னவாக இருக்கும் என்று வாசிப்பவரால் அறிய முடியாது. இதிலிருந்தே கட்டமைப்புச் செய்நிரலாக்கம் வளர்ந்தது.

இனி இரணைமடு உதாரணத்தைப் போலிக் குறிமுறையில் எழுதுவோம். "உயர்வு" என்பது ஒரு நாளில் நீர்மட்டம் உயர்ந்த அடி அளவு.

செய்நிரல் 1
1. மட்டம் ← 33
2. நாள் ← 0
3. மட்டம் < 36 ஆக உள்ளவரை திரும்பச் செய்
4. . . . உயர்வு என்பதை வாசி
5. . . . மட்டம் ← மட்டம் + உயர்வு
6. . . . நாள் ← நாள் + 1
7. திரும்பச் செய்தல் முடிவு
8. "கதவைத் திற" எனக் காட்டு
9. நாள், மட்டம் ஆகியவற்றைக் காட்டு

உள்ளீடுகள் முறையே 1, 1, 2, 3 எனக் கொள்க. இப்போது நிலையை அட்டவணையில் எழுதுவோம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஒரு நிரை.

| சுற்று | உயர்வு | மட்டம் | நாள் | அடுத்து மட்டம் < 36 ? |
|---|---|---|---|---|
| ஆரம்பம் | – | 33 | 0 | உண்மை |
| 1 | 1 | 34 | 1 | உண்மை |
| 2 | 1 | 35 | 2 | உண்மை |
| 3 | 2 | 37 | 3 | பொய் |

வெளியீடு: கதவைத் திற, 3, 37. நான்காவது உள்ளீடாகிய 3 வாசிக்கப்படவேயில்லை.

விடையை மீண்டும் பாருங்கள். கதவைத் திறக்கும்படி கூறப்படும்போது மட்டம் ஏற்கெனவே 37 அடி. செய்நிரலில் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. ஒவ்வொரு கூற்றும் சரியாகவே நிறைவேறியது. ஆயினும் "36 அடிக்கு மேற்படலாகாது" என்ற நோக்கம் நிறைவேறவில்லை. முதலாம் பகுதியிற் கேட்ட வினாவுக்கு இதுவே விடை. நிபந்தனை 3 ஆம் வரியில் மட்டுமே சோதிக்கப்படுகிறது. அது எந்நேரமும் காவல் இருப்பதில்லை. 5 ஆம் வரியில் மட்டம் எல்லையைத் தாண்டும்போது அதனைத் தடுக்க எவரும் இல்லை. கணினி உங்கள் எண்ணத்தை நிறைவேற்றாது. நீங்கள் எழுதிய ஏவலை, எழுதிய இடத்தில் மட்டுமே நிறைவேற்றும்.

இது தாளில் மட்டும் உள்ள பிரச்சினை அன்று. 2018 டிசெம்பர் இறுதியில் பெய்த கடும் மழையினால் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் ஏற்பட்டு மக்கள் பாதிக்கப்பட்டபோது, இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டன. அவை உரிய நேரத்தில் திறக்கப்பட்டனவா என்ற கேள்வி பின்னர் பலராலும் எழுப்பப்பட்டது. கதவைத் திறக்கும் முடிவு, வரத்து நீர், கீழ்ப்பகுதிக் கிராமங்கள், வயல்களின் நிலை எனப் பலவற்றை ஆராய்ந்து பொறியியலாளர் எடுப்பது. நமது செய்நிரல் மிக எளிமையாக்கப்பட்ட ஓர் உதாரணமே. ஆனால் "எப்போது" என்பது "என்ன" என்பதைப் போலவே முக்கியம் என்ற உண்மை இரண்டுக்கும் பொது.

செய்நிரலை எவ்வாறு திருத்தலாம்? எதிர்பார்க்கப்படும் உயர்வை முன்கூட்டியே வாசித்து, மட்டத்தை மாற்றுவதற்கு முன் சோதிக்க வேண்டும்.

செய்நிரல் 2
1. மட்டம் ← 33
2. எதிர்பார்க்கும் உயர்வை வாசி
3. மட்டம் + உயர்வு <= 36 ஆக உள்ளவரை திரும்பச் செய்
4. . . . மட்டம் ← மட்டம் + உயர்வு
5. . . . எதிர்பார்க்கும் உயர்வை வாசி
6. திரும்பச் செய்தல் முடிவு
7. "கதவைத் திற" எனக் காட்டு
8. மட்டத்தைக் காட்டு

அதே உள்ளீடுகளுக்கு, மட்டம் 35 ஆக இருக்கும்போது மீள்செயல் நின்றுவிடும். ஏனெனில் 35 + 2 என்பது 36 இலும் பெரிது. கதவைத் திறக்கும் செய்தி எல்லையைத் தாண்டுவதற்கு முன்னரே கிடைக்கிறது. சோதனையின் இடத்தை மாற்றியதே இத்திருத்தத்தின் சாரம்.

6. கட்டளைசார் மொழிகளின் வளர்ச்சி

1957: ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜோன் பக்கஸ் தலைமையிலான குழு போட்ரான் மொழியை வெளியிட்டது. விஞ்ஞானக் கணிப்புகளுக்கு உரியது.
1959 – 1960: வணிகத் தரவுகளுக்கான கோபோல் உருவாக்கப்பட்டது. கிரேஸ் ஹொப்பரின் முந்திய மொழி இதற்கு அடிப்படையாக அமைந்தது.
1960: அல்கோல் 60. பிற்கால மொழிகளின் தொடரியலுக்கு வழிகாட்டியது.
1964: மாணவர்களுக்காகக் கெமெனி, குர்ட்ஸ் ஆகியோர் பேசிக் மொழியை உருவாக்கினர்.
1970: நிக்லவுஸ் விர்த், கட்டமைப்புச் செய்நிரலாக்கத்தைக் கற்பிக்கப் பாஸ்கல் மொழியை வெளியிட்டார்.
1970 களின் தொடக்கம்: பெல் ஆய்வுகூடத்தில் டெனிஸ் ரிட்ச்சி சி மொழியை உருவாக்கினார்.
1991: கைடோ வான் றொசம் பைதனை வெளியிட்டார்.
1995: ஜாவா வெளியிடப்பட்டது.

செய்நிரல்கள் நீண்டபோது, ஏவல்களை உபசெய்நிரல்களாகப் பிரித்துப் பெயரிட்டு அழைக்கும் முறை வளர்ந்தது. இதனை நடைமுறைசார் செய்நிரலாக்கம் என்பர். பின்னர் தரவையும் அதன்மீது செயற்படும் கூற்றுகளையும் ஒன்றாகக் கட்டும் பொருள்நோக்குப் பாங்கு வந்தது. ஜாவா போன்ற பொருள்நோக்கு மொழிகளிலும், உள்ளே எழுதப்படுபவை பெரும்பாலும் ஏவல்களே. எனவே "பொருள்நோக்கு மொழிகள் கட்டளைசார் மொழிகளுக்கு எதிரானவை" என்று எழுதுவது தவறு. கட்டளைசார் பாங்குக்கு எதிரிடையானது பிரகடனப் பாங்கு.

7. பிரகடனப் பாங்குடன் ஒப்பீடு

தரவுத்தளப் பகுதியில் நீங்கள் கற்கும் எஸ்.கியூ.எல். பிரகடன மொழி. "கமக்காரர் அட்டவணையில், மாவட்டம் முல்லைத்தீவு ஆகவுள்ளோரின் பெயர்களைத் தெரிவு செய்" என்ற கருத்தை மட்டும் அதில் எழுதுகிறோம். எந்தப் பதிவிலிருந்து தொடங்குவது, எத்தனை முறை திரும்பச் செய்வது என்பவற்றைத் தரவுத்தள முகாமை முறைமை தீர்மானிக்கும். இதையே பாஸ்கலில் எழுதுவதாயின், முதற் பதிவுக்குச் சென்று, மாவட்டத்தை ஒப்பிட்டு, பொருந்தினால் பெயரைக் காட்டி, இறுதிப் பதிவு வரை தொடர வேண்டும்.

| கட்டளைசார் | பிரகடன |
|---|---|
| எவ்வாறு செய்வது என்று கூறும் | எது வேண்டும் என்று கூறும் |
| நிலை படிப்படியாக மாறும் | நிலைமாற்றம் செய்நிரலாளருக்கு வெளிப்படையாகத் தெரியாது |
| கூற்றுகளின் ஒழுங்கு முக்கியம் | ஒழுங்கின் முக்கியத்துவம் குறைவு |
| பாஸ்கல், சி, போட்ரான் | எஸ்.கியூ.எல்., புரோலொக், ஹாஸ்கெல் |

கட்டளைசார் மொழியின் நன்மைகள்: கணினியின் இயக்கத்துக்கு அண்மையில் இருப்பதால் வேகத்தையும் நினைவகப் பயன்பாட்டையும் நன்கு கட்டுப்படுத்தலாம்; படிமுறையாகச் சிந்திக்கும் எவருக்கும் இலகுவில் விளங்கும். குறைபாடுகள்: ஓரிடத்தில் மாற்றப்படும் மாறி வேறோரிடத்தில் எதிர்பாராத விளைவைத் தரலாம், பெரிய செய்நிரல்களில் நிலையைப் பின்தொடர்வது கடினம். போட்ரானை உருவாக்கிய பக்கஸ் அவர்களே 1977 இல் டியூரிங் விருது பெற்றபோது, பெறுமானம் இடும் கூற்றையே சார்ந்திருக்கும் இம்மொழிகளின் குறைகளை விமர்சித்துப் பேசினார் என்பது குறிப்பிடத்தக்கது.

8. பரீட்சைக்கான குறிப்புகள்

வெளியீட்டைக் கேட்கும் வினாவில், செய்நிரலைப் பார்த்தவுடன் மனத்தால் விடை கூற முயலாதீர்கள். ஒவ்வொரு மாறிக்கும் ஒரு நிரல் வரையுங்கள். ஒவ்வொரு கூற்றின் பின்னும் மாறிய பெறுமானத்தை மட்டும் எழுதுங்கள். பழையதை மெல்லிய கோட்டால் வெட்டுங்கள். கணினி செய்வதும் இதுவே. இப்பயிற்சிக்குக் கணினியோ மின்சாரமோ தேவையில்லை. பென்சிலும் தாளும் போதும். பாடசாலையில் கணினி நேரம் குறைவாகக் கிடைக்கும் மாணவர், கிடைக்கும் நேரத்தைத் தாளிற் சரிபார்த்த செய்நிரலை இயக்கிப் பார்ப்பதற்குப் பயன்படுத்தலாம்.

மாதிரி வினா: கட்டளைசார் செய்நிரலாக்க மொழியின் மூன்று இயல்புகளை எழுதுக.

மாதிரி விடை:
(i) செய்நிரல், ஒழுங்காக நிறைவேற்றப்படும் கட்டளைகளால் ஆனது.
(ii) மாறிகளுக்குப் பெறுமானம் இடுவதன் மூலம் செய்நிரலின் நிலை மாற்றப்படும்.
(iii) தொடர், தெரிவு, மீள்செயல் ஆகிய கட்டமைப்புகளால் நிறைவேற்றல் ஒழுங்கு கட்டுப்படுத்தப்படும்.

பயிற்சி (செய்நிரல் 1 ஐப் பயன்படுத்துக)

1. முதலாம் வரியில் 33 இற்குப் பதிலாக 36 என இடப்பட்டால் வெளியீடு யாது?
2. 5 ஆம், 6 ஆம் வரிகளை இடம் மாற்றினால் வெளியீடு மாறுமா? காரணம் தருக.
3. 4 ஆம், 5 ஆம் வரிகளை இடம் மாற்றினால் ஏற்படும் வழு யாது?
4. 5 ஆம் வரியை நீக்கினால் மீள்செயலுக்கு என்ன நேரும்?

விடைகள்

1. கதவைத் திற, 0, 36. நிபந்தனை தொடக்கத்திலேயே பொய் ஆதலால் மீள்செயல் ஒரு முறையேனும் நடைபெறாது.
2. மாறாது. இரு கூற்றுகளும் ஒன்றின் மாறியை மற்றொன்று பயன்படுத்துவதில்லை.
3. முதற் சுற்றில் உயர்வு என்பதற்குப் பெறுமானம் இடப்படு முன்னரே அது பயன்படுத்தப்படும். பைதனில் செய்நிரல் வழுச்செய்தியுடன் நின்றுவிடும்.
4. மட்டம் 33 ஆகவே இருக்கும், நிபந்தனை எப்போதும் உண்மை, மீள்செயல் முடிவுறாது. கதவைத் திறக்கும் வரிக்குச் செய்நிரல் ஒருபோதும் வந்து சேராது.